கூடைப்பந்து கிளப்பை மூடவிடாமல் காக்க நிதி திரட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தொழில்முறை கூடைப்பந்து கிளப் பணமில்லாமல் தள்ளாடுகிறது. அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று தெரியவில்லை. ரசிகர்கள், பழைய வீரர்கள், பெற்றோர்கள், உள்ளூர் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

செய்தி நேற்றுதான் வெளியானது. இன்றே உண்டியலைத் தூக்கலாமா?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அதற்குள் நிர்வாகத்திடமிருந்து மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த சீசனுக்கு உரிமம் பெற லீக் வைத்திருக்கும் கடைசி நாள் எது? அந்த நாளுக்குள் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? மொத்தக் கடன் எவ்வளவு, யார் யாருக்கு?

இதற்குப் பதில் தராத நிர்வாகத்துக்காகப் பணம் கேட்டு வீடு வீடாகப் போகாதீர்கள். "கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பணம் வரட்டும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். கணக்கு முதலில் வர வேண்டும், பணம் அதற்குப் பிறகுதான். மக்கள் ஏமாறுவதும் கிளப் இரண்டாவது முறை விழுவதும் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழானதால்தான்.

அரங்கம் நிறைந்துதானே இருந்தது? எப்படிக் கடன் வந்தது?

கூடைப்பந்து உள்ளரங்க விளையாட்டு. கால்பந்து மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். நடுத்தரக் கூடைப்பந்து அரங்கம் சில ஆயிரம் பேரோடு நிறைந்துவிடும். அதனால் எல்லா ஆட்டமும் நிறைந்தாலும் டிக்கெட் வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பல கிளப்புகளுக்கு அரங்கம் சொந்தமில்லை. வாடகை போகும், தின்பண்ட விற்பனையும் வண்டி நிறுத்தக் கட்டணமும் அரங்க உரிமையாளருக்கே போகும். பெரிய லீக்குகளைத் தவிர மற்ற இடங்களில் தொலைக்காட்சிப் பணமும் சொற்பம்.

செலவில் பெரும்பங்கு வீரர்களின் சம்பளம். ஒரு அணியில் பன்னிரண்டு பேர் அளவில்தான் இருப்பார்கள், களத்தில் ஐந்தே பேர். அதனால் ஒரே ஒரு நல்ல வீரர் வந்தாலும் அணியின் தலைவிதி மாறும். அந்த ஒருவருக்காகக் கையில் இல்லாத பணத்தைச் செலவழிக்கும் ஆசை இந்த விளையாட்டில் மற்றவற்றைவிட அதிகம்.

மிச்சப் பள்ளத்தை நிரப்புவது ஸ்பான்சர் அல்லது உரிமையாளரின் சொந்தப் பணம். அவர் விலகினால் அரங்கம் நிறைந்திருந்தும் கிளப் சாயும். இத்தாலியின் சியெனா நகரக் கிளப்பான மென்ஸ் சானா 2007 முதல் ஆண்டுக்கு ஆண்டு லீக் பட்டம் வென்று ஐரோப்பாவே மதித்த அணி. அதன் முதுகெலும்பாக நின்றது அதே ஊரின் பழம்பெரும் வங்கி மோன்த்தே தெய் பாஸ்கி. வங்கி நெருக்கடியில் சிக்கி ஸ்பான்சர் பணம் நின்றது, 2014-ல் கிளப் திவாலானது. பட்டங்கள் அதைக் காப்பாற்றவில்லை.

ரசிகர்கள் சேர்ந்து காப்பாற்றிய கூடைப்பந்து கிளப் நிஜமாகவே உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை ஆஸ்திரேலியாவின் உல்லன்காங் ஹாக்ஸ். நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்போன ஊர். 1979-ல் தேசிய லீக் தொடங்கியபோதே அதில் ஆடிய கிளப். 2009-ல் லீக் திருத்தி அமைக்கப்பட்டபோது, இடம் வேண்டுமானால் 10 லட்சம் டாலருக்கு வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அணியின் மூத்த வீரர் மேட் கேம்ப்பெல் முன்னால் நிற்க, 'ஹாக்ஸைக் காப்பாற்றுங்கள்' இயக்கம் ஊரெங்கும் பரவியது. மக்கள் கொடுத்தார்கள். ஆனால் உத்தரவாதத்தைத் தந்தது அந்தப் பகுதியில் சுரங்கம் வைத்திருந்த குஜராத் என்.ஆர்.இ. என்ற இந்திய நிறுவனம். ஊர் அவ்வளவு தூரம் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் ஒரு நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்காது என்றே நான் நினைக்கிறேன். அடுத்த சீசனிலேயே ஹாக்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள்.

அதே நாட்டில் கெய்ர்ன்ஸ் டைப்பன்ஸ் கிளப் 2008 டிசம்பரில், சீசன் நடுவே, கடன் தீர்வு நிர்வாகிகளின் (கடனில் சிக்கிய நிறுவனத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்று நடத்துபவர்களின்) கைக்குப் போனது. ஊர் மக்களும் உள்ளூர் நிறுவனங்களும் தாங்கிப் பிடித்தார்கள். கிளப் சமூக உடைமையாக மாறியது. 2011-ல் அந்த அணியும் இறுதிச் சுற்று ஆடியது.

இத்தாலியில் கான்ட்டு என்ற சின்ன ஊர் 1980-களில் ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப்பின் ஊர். 2019-ல் உரிமையாளர் விலகியபோது, ஆதரவாளர்களும் உள்ளூர்த் தொழில்முனைவோரும் சேர்ந்த ஓர் அமைப்பு கிளப்பை எடுத்துக்கொண்டது. அதன் பெயருக்கே 'எல்லோரும் சேர்ந்து கான்ட்டு' என்று பொருள். 2021-ல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஆனால் மூடவில்லை. 2025-ல் மறுபடி முதல் பிரிவுக்கு ஏறியது.

எவ்வளவு திரட்ட வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

மொத்தக் கடனை இலக்காக வைக்காதீர்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே மக்கள் மலைத்துப்போவார்கள். தேவையும் இல்லை. கடன்காரர்களில் பலர் தவணைக்கும் தள்ளுபடிக்கும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் கிளப் மூடிவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

இலக்கில் மூன்று பகுதிகள் இருக்கட்டும். உரிமத்துக்காக லீக்கிடம் காட்ட வேண்டிய தொகை. உடனே கொடுக்காவிட்டால் கதவை மூடிவிடும் பாக்கிகள், அதாவது சம்பளம், வரி, அரங்க வாடகை. அப்புறம், அடுத்த சீசனின் முதல் மூன்று மாதச் செலவு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பாக்கி எல்லாம் தீர்ந்து, சீசன் தொடங்கிய இரண்டாம் மாதமே சம்பளம் நின்றால், பணம் கொடுத்தவர்களிடம் திரும்பப் போய் நிற்க முகம் இருக்காது.

நன்கொடையா, பங்கா, உறுதிமொழியா, சீசன் டிக்கெட்டா? எப்படிப் பணம் வாங்குவது நல்லது?

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு உறவை உண்டாக்குகிறது.

நன்கொடை சுலபம், வேகமானது. ஆனால் கொடுத்தவருக்குப் பிறகு எந்தப் பேச்சுரிமையும் இல்லை. தனியார் உரிமையாளர் ஒருவரின் கம்பெனியாகவே கிளப் இருந்தால், உங்கள் நன்கொடை அவருடைய கடனை அடைக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அவர் கிளப்பை விற்றால் அந்தப் பணம் அவருக்கு. அதனால் தனியார் கிளப்புக்கு வெறும் நன்கொடை திரட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ரசிகர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைப் பதிவு செய்து, அதன் பெயரில் திரட்டி, அந்த அமைப்பு கிளப்பில் பங்கோ இயக்குநர் குழுவில் இடமோ பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுப்பதே முறை.

பங்கு விற்பனை மெதுவானது. சட்ட வேலை இருக்கிறது. ஆனால் அதன் வீச்சு பெரிது. கூடைப்பந்தில் இல்லாவிட்டாலும் கால்பந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் ரியல் ஒவியேதோ 2012 நவம்பரில் சாகும் நிலையில் இருந்தது. 10.75 யூரோவுக்கு ஒரு பங்கு என்று விற்பனைக்கு வைத்தார்கள். அந்தக் கிளப்பில் வளர்ந்து வெளிநாட்டில் பெயர் எடுத்த சாந்தி கசோர்லா, ஹுவான் மாத்தா, மிச்சு ஆகியோர் குரல் கொடுத்தார்கள். ஊர் பெயரையே அதுவரை கேள்விப்படாதவர்கள்கூடப் பல நாடுகளிலிருந்து வாங்கினார்கள். ஒரு பங்கின் விலை ஒரு சாதாரண மனிதர் யோசிக்காமல் கொடுக்கக்கூடியதாக இருந்ததுதான் அதன் பலம்.

உறுதிமொழி என்பது "இலக்கு எட்டினால் மட்டும் என் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது. நாள் குறைவாக இருக்கும்போது நான் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். மக்கள் தைரியமாகப் பெரிய தொகை எழுதுவார்கள். ஆனால் ஒன்று: உறுதி சொன்ன எல்லோரும் கட்ட மாட்டார்கள். கார்டு காலாவதி ஆகும், மனம் மாறும், வேலை போகும். கொஞ்சம் கூடுதலாகவே எழுதி வாங்குங்கள்.

சீசன் டிக்கெட்டை முன்கூட்டி விற்பது பார்வைக்கு நிதி திரட்டல் மாதிரி இருக்கும். உண்மையில் அது அடுத்த வருட வருமானத்தை இன்றே சாப்பிடுவது. செய்யலாம், ஆனால் அதை அடுத்த சீசன் பட்ஜெட்டில் மறுபடியும் வரவாக எழுதக் கூடாது.

பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

கிளப் கணக்கில் நேராகப் போகவே கூடாது. கிளப் திவாலானால் அந்தக் கணக்கில் உள்ளது எல்லாம் கடன்காரர்களுக்குச் சேரும். நேற்று ஒரு சிறுமி உடைத்துக் கொடுத்த உண்டியல் பணமும் அதில் போகும்.

ஒரு வழக்கறிஞரோ தணிக்கையாளரோ வங்கியோ பொறுப்பில் வைத்திருக்கும் தனிக் கணக்கு வேண்டும். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் பணம் கிளப்புக்குப் போகும், எந்தத் தேதிக்குள் நிறைவேறாவிட்டால் கொடுத்தவருக்குத் திரும்பும் என்று முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதி வெளியிடுங்கள். கணக்கிலிருந்து எடுக்க இரண்டு பேர் கையெழுத்தாவது வேண்டும். அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராகவோ கிளப்பிடம் சம்பளம் வாங்குபவராகவோ இருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று போடுங்கள். ஒன்றும் மாறாத வாரத்திலும் போடுங்கள்.

நேர்மையானவர்களுக்கு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்று சிலர் வருத்தப்படுவார்கள். நேர்மையானவரைப் பிறகு ஒரு வீண் பழியிலிருந்து காப்பதும் இதே கட்டுப்பாடுதான்.

இலக்கு எட்டவில்லை என்றால்?

திருப்பிக் கொடுங்கள். முழுவதுமாக, சொன்ன தேதியில். பணப் பரிமாற்றக் கட்டணம் பிடிக்கப்படும் என்றால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "வந்த வரைக்கும் இளையோர் அணிக்குக் கொடுத்துவிடலாம்" என்று பாதியில் மாற்றக் கூடாது. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் கொடுப்பவரிடமே முதலில் தேர்வை வையுங்கள்.

பங்கு வாங்கினால் லாபம் கிடைக்குமா?

கிடைக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் 1923-லிருந்து மக்களுக்குப் பங்கு விற்று வாழும் கிளப். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, டிக்கெட்டுக்கு முன்னுரிமைகூட இல்லை. 2011-ல் தொடங்கிய விற்பனையில் ஒரு பங்கு 250 டாலர். அப்படியும் ஏறத்தாழ 6.7 கோடி டாலர் சேர்ந்தது. அங்கே ஒருவர் 2 லட்சம் பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. எந்தப் பணக்காரரும் மொத்தமாக வாங்கி அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் அமைப்பு விதிகளிலும் இப்படி ஒரு வரம்பைச் சேர்த்துவிடுங்கள்.

வந்த பணத்தில் முதலில் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

சட்டம் ஒரு வரிசை சொல்லும், அது நாட்டுக்கு நாடு மாறும். அதை மீறாமல் எனக்கு இடம் இருந்தால், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் அலுவலக ஊழியர், பிசியோதெரபிஸ்ட், அரங்கத்தைச் சுத்தம் செய்பவர் ஆகியோருக்கு முதலில் கொடுப்பேன். செய்திகளில் வீரர்களின் பாக்கி மட்டுமே வரும். இவர்கள் பெயர் எங்கும் வராது.

வீரர்களின் பாக்கியையும் தள்ளிப்போட முடியாது. அதற்குக் கூடைப்பந்துக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா, ஜெனீவாவில் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. வெளிநாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களில் தகராறு வந்தால் அங்கே போகலாம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதன் தீர்ப்புப்படி பணம் கொடுக்காத கிளப்புக்கு ஃபிபா புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை போடும். நீங்கள் திரட்டிய பணத்தில் உரிமம் வாங்கிவிட்டு, ஆட ஆளில்லாமல் நிற்க வேண்டிவரும். ஆகவே பழைய வழக்குகளின் பட்டியலையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். பேசினால் தவணைக்கு ஒத்துக்கொள்ளும் வீரர்கள் நிறைய இருக்கிறார்கள். ரசிகர் அமைப்பு நேரில் கடிதம் எழுதியதால் மனம் இளகியவர்களும் இருப்பார்கள்.

நிர்வாகம் கெடுத்ததற்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கோபம். கொடுக்க மறுப்பவரை யாரும் துரோகி என்று சொல்லக் கூடாது.

என் பதில் இதுதான். அதே ஆட்கள், அதே அதிகாரத்தோடு, அதே நாற்காலியில் தொடர்ந்தால் கொடுக்காதீர்கள். நிர்வாகம் மாறுகிறது அல்லது ரசிகர்களுக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் வாக்கும் கிடைக்கிறது என்றால் கொடுங்கள். ஏனென்றால் அந்தக் கிளப் நிர்வாகத்துக்கு மட்டும் சொந்தமானதாக ஒருநாளும் இருந்ததில்லை. சனிக்கிழமை மாலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் பார்த்தவர்கள், கடைசி நொடியில் போட்ட மூன்று புள்ளிப் பந்துக்கு முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தவர்கள், இவர்களுக்கும் அதில் பாத்தியதை இருக்கிறது.

பணம் கொடுக்க வசதி இல்லை. நான் என்ன செய்யலாம்?

நிறைய. ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கால்பந்துக் கிளப்புக்கு 2004-ல் உரிமத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ரசிகர்கள் ரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த சிறு தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து மைதானத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாங்களே கல்லும் சிமெண்ட்டும் சுமந்து வேலை செய்தார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேரம்.

கூடைப்பந்து கிளப்புக்கு ஆட்ட நாளில் தேவைப்படும் வேலை ஏராளம். டிக்கெட் சரிபார்ப்பு, ஸ்கோர் மேசை, தரை துடைப்பு, காணொளி ஒளிபரப்பு, கணக்கெழுதுதல். கணக்கு தெரிந்த ஒரு ஓய்வு பெற்றவர் வாரம் இரண்டு மாலை வந்தால், அது பெரிய நன்கொடைக்குச் சமம். ஆனால் அலுவலக ஊழியரை நீக்கிவிட்டு அந்த வேலையைத் தொண்டர்களிடம் தள்ளுவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெரிய பணக்காரர் ஒருவர் வந்தால் இயக்கத்தை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஒவியேதோவில் மக்கள் பங்கு வாங்கி முடிக்கும் நேரத்தில் மெக்சிகோவின் பெரும் பணக்காரர் கார்லோஸ் ஸ்லிம் 20 லட்சம் யூரோ போட்டார். உல்லன்காங்கிலும் ஒரு நிறுவனம்தான் உத்தரவாதம் கொடுத்தது. பெரிய பணம் பெரும்பாலும் சிறிய பணம் காட்டிய வழியில்தான் வருகிறது. வரவேற்போம். ஆனால் அவர் வந்த பிறகும் ரசிகர் அமைப்பின் பங்கு, ஊரையும் பெயரையும் நிறத்தையும் மாற்றுவதைத் தடுக்கும் வாக்கு, இவை இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பேரம் பேச உங்களுக்குப் பலம் இருப்பது அவர் கையெழுத்துப் போடும் முன்புதான்.

முதல் வாரம் பணம் கொட்டியது. இப்போது நின்றுவிட்டது. என்ன செய்ய?

எல்லா இயக்கத்திலும் இது நடக்கும். முதல் சில நாள் உற்சாகம், கடைசி சில நாள் பதற்றம், நடுவில் வறட்சி. நடுப்பகுதிக்கென்றே சிலவற்றை ஒதுக்கி வையுங்கள்: பழைய வீரர்கள் ஆடும் ஆட்டம், ஜெர்சி ஏலம், ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு தொகைக்கும் சமமாகப் போடும் ஸ்பான்சர். ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலி கால்பந்துக் கிளப் 2003-ல் 'மீட்பர்' என்று அச்சடித்த டி-ஷர்ட்டை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக் வந்து நிதிக்காக ஓர் ஆட்டமும் ஆடியது. போட்டி அணிகளிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எதிரணி இல்லாமல் அவர்களுக்கும் லீக் இல்லை.

இவ்வளவும் செய்து கிளப் மூடிவிட்டால் எல்லாம் வீணா?

இத்தாலியின் த்ரெவீசோ நகரில் கிளப்பை நடத்திவந்த பெனட்டன் குடும்பம் கூடைப்பந்திலிருந்து 2012-ல் விலகியது. பழைய வீரர்களும் ஆதரவாளர்களும் அதே ஆண்டு புதுக் கிளப் தொடங்கினார்கள். கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஏறி 2019-ல் முதல் பிரிவை எட்டினார்கள். இஸ்ரேலில் ஹபோயெல் டெல் அவிவ் கிளப்பின் ரசிகர்கள், தங்கள் பழைய அரங்கம் இடிக்கப்பட்ட 2007-ல், அந்த அரங்கத்தின் பெயரிலேயே சொந்தக் கிளப் ஒன்றை உருவாக்கி அடிமட்டப் பிரிவில் தொடங்கினார்கள். 2025-ல் அந்த அணி ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோகப் கோப்பையை வென்றது. அதற்குள் உரிமை ரசிகர்களிடமிருந்து மாறியிருந்தது, ஆனால் விதை அவர்கள் போட்டது.

அதனால் திரட்டும்போது சேரும் பெயர்ப் பட்டியல், பதிவு செய்த அமைப்பு, ஒன்றாக வேலை செய்து பழகியவர்கள், இவை எதையும் கலைத்துவிடாதீர்கள். இளையோர் அணிகளை முடிந்தால் தனி அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மேலணி விழுந்தாலும் பிள்ளைகள் மறுநாள் பயிற்சிக்கு வர இடம் இருக்கும்.

இலக்கை எட்டிவிட்டோம். அமைப்பைக் கலைத்துவிடலாமா?

அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். 2009-ல் ஊரே சேர்ந்து காப்பாற்றிய ஹாக்ஸ், 2015-லும் 2020-லும் மறுபடி கடன் தீர்வு நிர்வாகிகளிடம் போனது. இரண்டு முறையும் மீண்டது. 2025-ல் லீக் பட்டமே வென்றது. 2001-க்குப் பிறகு அதுதான் முதல் பட்டம்.

மாதம் ஒரு சிறு தொகை கட்டும் உறுப்பினர் திட்டத்துக்கு, பணம் கொடுத்த ஒவ்வொருவரையும் இலக்கை எட்டிய வாரமே அழையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளப்பின் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். எந்த ஸ்பான்சரும் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிட்டால் எச்சரிக்கை மணி அடியுங்கள். முதல் பொதுக்கூட்டத்தின் தேதியைச் சீசன் அட்டவணை வெளியாகும் அன்றே அறிவித்துவிடுங்கள்.